ஃப்ரீமேசன் சங்கம்: சேரும் முறையும் போற்றும் நெறிகளும்

ஃப்ரீமேசன் சங்கம் என்பது, உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சகோதரராக ஏற்று, சடங்குகள் வழியாக ஒழுக்க நெறிகளைக் கற்கும் பழமையான அமைப்பாகும். இது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் இன்றைய வடிவத்தைப் பெற்றது. அங்கிருந்து ஐரோப்பா, அமெரிக்கா, இந்தியா எனப் பல நாடுகளுக்கும் பரவியது. சகோதர அன்பு, துயர் துடைத்தல், உண்மை ஆகிய மூன்றும் இதன் அடிப்படைக் கொள்கைகள். இது ஒரு சமயம் அன்று. அரசியல் கட்சியும் அன்று. சங்கக் கூட்டத்தில் இவ்விரண்டைப் பற்றியும் விவாதிக்கக் கூடாது என்பது இங்கிலாந்து மரபைப் பின்பற்றும் சங்கங்களின் உறுதியான விதி.

இணையத்தில் இச்சங்கம் பற்றிப் பரவும் செய்திகள் பெரும்பாலும் இரகசியம், சதி என்ற கோணத்திலேயே அமைகின்றன. ஆனால், ஒருவர் இதில் எப்படிச் சேர்கிறார் என்பதைப் படிப்படியாகப் பார்த்தால் இதன் கொள்கைகள் எளிதில் விளங்கும். அக்கொள்கைகளைச் சங்கம் எந்த அளவுக்குக் காப்பாற்றியது என்பதும் விளங்கும். சமத்துவத்தைப் போதிக்கும் எந்தச் சங்கத்துக்கும் முதல் சோதனை அதன் வாசலிலேயே நடக்கிறது.

பெயரும் தோற்றமும்

மேசன் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கல்வேலை செய்யும் கொத்தனார் என்று பொருள். இடைக்கால ஐரோப்பாவில் பெரிய தேவாலயங்களையும் கோட்டைகளையும் கட்டிய கொத்தனார்கள் வேலை நடக்கும் ஊர்களுக்குச் சென்று தங்கி உழைத்தனர். கட்டுமான இடத்தில் கல் செதுக்கவும், கருவிகளை வைக்கவும், இளைப்பாறவும் அவர்கள் போட்டுக்கொண்ட கொட்டகைக்கு லாட்ஜ் என்று பெயர். தமிழ்நாட்டில் லாட்ஜ் என்றால் தங்கும் விடுதிதான் நினைவுக்கு வரும். ஃப்ரீமேசன் வழக்கில் அச்சொல் உறுப்பினர்கள் கூடும் கிளைச் சங்கத்தைக் குறிக்கிறது.

கொத்தனார்களின் கடமைகளைச் செய்யுள் வடிவில் கூறும் ஆங்கிலக் கையெழுத்துப் படி ஒன்று ஏறத்தாழ 1400ஆம் ஆண்டுக் காலத்தைச் சேர்ந்தது. ரீஜியஸ் கையெழுத்துப் படி எனப்படும் இது இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர லாட்ஜின் கூட்டக் குறிப்புகள் 1599 முதல் கிடைக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் கல்வேலையோடு தொடர்பில்லாத கல்விமான்களும் செல்வந்தர்களும் இத்தகைய லாட்ஜுகளில் சேரத் தொடங்கினர். ஆங்கிலேய அறிஞர் இலையாஸ் ஆஷ்மோல் 1646 அக்டோபரில் வாரிங்டன் என்ற ஊரில் தாம் சேர்க்கப்பட்டதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

லண்டனிலிருந்த நான்கு லாட்ஜுகள் ஒன்றுகூடி கிராண்ட் லாட்ஜ் என்ற தலைமை அமைப்பை உருவாக்கிய நாளாக 1717 ஜூன் 24 மரபாகக் கூறப்படுகிறது. ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த விதிநூல் 1723இல் வெளிவந்தது. எல்லா மனிதரும் ஒப்புக்கொள்ளும் பொதுவான நல்லொழுக்கமே உறுப்பினருக்கு வேண்டிய சமயம் என்ற கருத்தை அந்நூல் முன்வைத்தது. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்டினர் என்ற பிரிவுகளின் பெயரால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இரத்தம் சிந்திய நாட்டில் இது துணிச்சலான கருத்து. வேறு எங்கும் நண்பராக வாய்ப்பில்லாத இருவர் ஒரே மேசையில் அமர இக்கருத்து இடம் கொடுத்தது.

அமைப்பு

ஒவ்வொரு லாட்ஜுக்கும் மாஸ்டர் எனப்படும் தலைவரும், வார்டன் எனப்படும் இரு துணைத் தலைவர்களும், செயலாளரும், பொருளாளரும் உண்டு. கூட்டம் நடக்கும்போது வாசலுக்கு வெளியே காவல் நிற்பவர் டைலர் எனப்படுகிறார். தலைவர் பதவி பொதுவாக ஓர் ஆண்டுக்குத்தான். பதவிக்காலம் முடிந்ததும் தலைவர் மற்ற உறுப்பினர்களோடு சாதாரணமாக அமர்கிறார். வெளியுலகில் உயர் அதிகாரியாக இருப்பவர் லாட்ஜுக்குள் ஓர் எழுத்தருக்குக் கீழ்ப்படிந்து நடக்க வேண்டி வரலாம்.

ஒரு நாட்டிலோ மாநிலத்திலோ உள்ள லாட்ஜுகள் சேர்ந்து ஒரு கிராண்ட் லாட்ஜின் கீழ் இயங்குகின்றன. உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே தலைமை கிடையாது. ஒவ்வொரு கிராண்ட் லாட்ஜும் தனியுரிமை உடையது. ஒன்று மற்றொன்றை ஏற்பதும் மறுப்பதும் உண்டு. பிரான்சின் கிராண்ட் ஓரியன்ட் என்ற அமைப்பு, கடவுள் நம்பிக்கை கட்டாயம் என்ற விதியை 1877இல் நீக்கியது. இதனால் இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் அதனுடனான உறவைத் துண்டித்தது. அந்தப் பிளவு இன்றும் தொடர்கிறது.

யார் சேரலாம்

இங்கிலாந்து மரபைப் பின்பற்றும் லாட்ஜுகளில், இந்திய லாட்ஜுகள் உட்பட, சேர விரும்புவோருக்குரிய தகுதிகள் பொதுவாக இவை:

1. வயது வந்த ஆணாக இருக்க வேண்டும். பல இடங்களில் 21 வயதும் சில இடங்களில் 18 வயதும் நிறைந்திருக்க வேண்டும்.
2. ஒரு பரம்பொருளில் நம்பிக்கை வேண்டும். அவர் எந்தச் சமயத்தவர் என்று சங்கம் வரையறுப்பதில்லை. சடங்குகளில் கடவுள் பேரண்டத்தின் பெருஞ்சிற்பி என்ற பொதுப் பெயரால் குறிக்கப்படுகிறார்.
3. நற்பெயர் உடையவராக இருக்க வேண்டும்.
4. தம் சொந்த விருப்பத்தால் சேர வேண்டும். பணம், பதவி, தொழில் ஆகியவற்றில் ஆதாயம் தேடிச் சேரக் கூடாது.
5. குடும்பத்துக்குக் குறை வைக்காமல் சந்தாவும் நன்கொடையும் செலுத்தக்கூடிய நிலையில் இருக்க வேண்டும்.

யாரையும் வற்புறுத்திச் சேர்க்கக் கூடாது என்பது பழைய மரபு. விரும்புபவர்தான் முதலில் கேட்க வேண்டும்.

சேரும் முறை

விண்ணப்பிப்பவரை ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒருவர் முன்மொழிய வேண்டும். இன்னொருவர் வழிமொழிய வேண்டும். அந்த இருவரும் அவருடைய நடத்தைக்குப் பொறுப்பேற்கிறார்கள். உறுப்பினர் யாரையும் அறியாதவர்கள் கிராண்ட் லாட்ஜின் அலுவலகத்துக்கு எழுதித் தொடர்பு கொள்வதும் இன்று வழக்கத்தில் உள்ளது. அதன்பின் லாட்ஜின் மூத்த உறுப்பினர்கள் அவரைச் சந்தித்துப் பேசுகின்றனர். ஏன் சேர விரும்புகிறார், குடும்பத்தினருக்கு இதில் சம்மதம் உண்டா, கட்டணங்களைத் தாங்க முடியுமா என்று விசாரிக்கின்றனர்.

அடுத்து வாக்கெடுப்பு. இது இரகசியமாக நடைபெறும். ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு பெட்டிக்குள் வெள்ளை அல்லது கறுப்பு உருண்டையைப் போடுவார். வெள்ளை என்றால் சம்மதம். கறுப்பு என்றால் மறுப்பு. இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜின் விதிப்படி மூன்று கறுப்பு உருண்டைகள் விழுந்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். ஒன்றோ இரண்டோ போதும் என்று விதி வைத்துக்கொள்ளும் உரிமையும் லாட்ஜுக்கு உண்டு. பெரும்பான்மை இங்கே போதாது. புதியவர் ஒருவரோடு எல்லா உறுப்பினரும் மனம் ஒத்து அமர வேண்டும் என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். ஆனால், பெயர் தெரியாமல் ஒருவர் போடும் மறுப்புக்கு அவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நல்லிணக்கத்தைக் காக்க ஏற்பட்ட இந்த முறை, காழ்ப்புக்கும் இடம் தரக்கூடியது.

சேர்க்கைச் சடங்கு

வாக்கெடுப்பில் தேறியவர் குறித்த நாளில் லாட்ஜுக்கு வருகிறார். அவரிடமுள்ள காசு, மோதிரம் முதலிய உலோகப் பொருள்கள் எல்லாம் அகற்றப்படுகின்றன. கண்கள் கட்டப்படுகின்றன; கழுத்தில் ஒரு கயிறு இடப்படுகிறது. அவர் கதவைத் தட்டி உள்ளே அழைத்துச் செல்லப்படுகிறார். நீதிபதியாயினும் வணிகராயினும் எல்லாரும் ஒரே கோலத்தில்தான் நுழைய வேண்டும்.

பின்னர் அவர் தாம் புனிதமாகக் கருதும் நூலின் மேல் கை வைத்து உறுதிமொழி எடுக்கிறார். இந்துவானால் பகவத் கீதை, முஸ்லிமானால் குர்ஆன், கிறித்தவரானால் விவிலியம் என நூல் மாறும். இந்திய லாட்ஜுகளில் பல சமயங்களின் நூல்களை ஒரே பீடத்தில் வைப்பது வழக்கம். உறுதிமொழிக்குப் பின் கண்கட்டு அவிழ்க்கப்படுகிறது. அறியாமை என்னும் இருளிலிருந்து ஒளிக்கு வருவதாக அச்செயல் விளக்கப்படுகிறது. வெண்ணிற ஆட்டுத்தோலால் ஆன இடைமறைப்பு ஒன்று அவருக்கு அணிவிக்கப்படுகிறது. கொத்தனார் வேலையின்போது கட்டிக்கொண்ட தோலாடையின் நினைவாக வந்தது அது. உழைப்பவரின் உடையே இங்கே மதிப்புக்குரிய உடை.

சடங்கின் ஒரு பகுதியில் புதிய உறுப்பினரிடம் ஏழைகளுக்காக நன்கொடை கேட்கப்படுகிறது. அவரிடமோ ஒரு காசும் இல்லை. எல்லாம் வாசலிலேயே அகற்றப்பட்டுவிட்டன. கொடுக்க மனமிருந்தும் கையில் ஒன்றுமில்லாதவர் படும் சங்கடத்தை அவர் ஒரு கணம் உணர்கிறார். வறியவரை எதிரில் காணும்போது இந்தக் கணத்தை நினைத்துக்கொள்ளுமாறு அவருக்கு அறிவுறுத்தப்படுகிறது. ஈகையைப் பற்றிய நீண்ட சொற்பொழிவை விட இது மனத்தில் பதியும்.

மூன்று படிகள்

ஃப்ரீமேசன் சங்கத்தில் மூன்று அடிப்படைப் படிநிலைகள் உள்ளன. முதலாவது தொழில் பயில்பவர் நிலை. இது பிறப்பையும் தொடக்கத்தையும் குறிக்கிறது. இரண்டாவது தோழமைத் தொழிலாளர் நிலை. இது கல்வியையும் அறிவு வளர்ச்சியையும் வலியுறுத்துகிறது. மூன்றாவது தேர்ந்த கொத்தனார் நிலை. இதில் சாலமோன் மன்னரின் ஆலயத்தைக் கட்டிய தலைமைச் சிற்பி ஹிராம் அபிஃப் பற்றிய கதை நாடகம் போல நடித்துக் காட்டப்படுகிறது. தமக்கு ஒப்படைக்கப்பட்ட இரகசியத்தை வெளியிட மறுத்ததால் அவர் கொல்லப்பட்டார் என்பது கதை. உயிரே போனாலும் கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும் என்பது அதன் பாடம். மரணம் எல்லாருக்கும் நிச்சயம் என்பதால் வாழும் நாளை வீணாக்கக் கூடாது என்பது அதனோடு சேர்ந்த மற்றொரு பாடம்.

கருவிகள் கூறும் நெறிகள்

கொத்தனாரின் கருவி ஒவ்வொன்றும் இச்சங்கத்தில் ஓர் அறநெறிக்கு அடையாளம் ஆகும்.

மூலைமட்டம்: கல்லின் மூலை சரியான செங்கோணமாக உள்ளதா என்று பார்க்கும் கருவி. நடத்தையில் நேர்மையைக் குறிக்கிறது.

கவராயம்: வட்டம் வரையும் கருவி. ஆசைகளுக்கும் கோபத்துக்கும் எல்லை வகுத்துக்கொள்ளுதலைக் குறிக்கிறது. மூலைமட்டமும் கவராயமும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த வடிவமே சங்கத்தின் சின்னம்.

மட்டம்: தளம் சமமாக உள்ளதா என்று பார்ப்பது. மனிதர் அனைவரும் சமம் என்பதை நினைவூட்டுகிறது.

தூக்குக்குண்டு: சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்ப்பது. எந்தப் பக்கமும் சாயாத நடுநிலையைக் குறிக்கிறது.

24 அங்குல அளவுகோல்: ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கிறது. வழிபாடு, உழைப்பு, ஓய்வு, பிறருக்கு உதவுதல் ஆகியவற்றுக்கு நேரத்தைப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

சுத்தியலும் உளியும்: முரட்டுக் கல்லைச் செதுக்கி ஒழுங்காக்குபவை. லாட்ஜில் செதுக்காத கல் ஒன்றும் செதுக்கிய கல் ஒன்றும் வைக்கப்பட்டிருக்கும். முதலாவது பயிற்சி பெறாத மனிதர். இரண்டாவது கல்வியாலும் ஒழுக்கத்தாலும் செம்மையானவர்.

அறப்பணி

துயர் துடைத்தல் என்ற கொள்கை, உறுப்பினர்களின் குடும்பங்களுக்கு உதவுவதில் தொடங்கியது. தந்தையை இழந்த அல்லது வறுமையுற்ற மேசன் குடும்பங்களின் பெண் குழந்தைகளுக்காக 1788இல் லண்டனில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. பெண் கல்வியைப் பற்றிச் சமூகம் அதிகம் கவலைப்படாத காலம் அது. பின்னர் உதவி வெளியாருக்கும் விரிந்தது. அமெரிக்காவில் மேசன்களிடையே தோன்றிய ஷ்ரைனர் அமைப்பு, கை கால் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான தன் முதல் மருத்துவமனையை 1922இல் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் திறந்தது.

இரகசியம் எது?

ஃப்ரீமேசன் சங்கம் இரகசியச் சங்கமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. பல நாடுகளில் அதன் கட்டடங்கள் பெயர்ப்பலகையுடன் நகரின் நடுவில் நிற்கின்றன. சென்னையில் எழும்பூரில் ஃப்ரீமேசன்ஸ் ஹால் உள்ளது. விதிநூல்கள் அச்சில் கிடைக்கின்றன. சடங்குகளை வெளிப்படுத்தும் நூல் ஒன்றை சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் 1730இலேயே லண்டனில் வெளியிட்டுவிட்டார். உறுப்பினர்கள் வெளியிடாமல் காப்பது, ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் கைகுலுக்கல், சொல், சைகை ஆகியவற்றையே. எழுத்தறிவு பரவாத காலத்தில், பயிற்சி பெற்ற கொத்தனாரை மற்றவரிலிருந்து பிரித்தறிய இவை பயன்பட்டதாகச் சங்க மரபு கூறுகிறது. இன்று அவை வாக்குத் தவறாமையைப் பழகுவதற்கான பயிற்சியாகக் கருதப்படுகின்றன. பழைய உறுதிமொழிகளில் இருந்த கொடிய உடல் தண்டனை பற்றிய சொற்களை, உறுதிமொழியிலிருந்து நீக்க இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் 1986இல் முடிவு செய்தது.

வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்

லாட்ஜுக்குள் எல்லாரும் சமம் என்பது கொள்கை. ஆனால், உள்ளே வர யாருக்கு அனுமதி என்ற கேள்வி நெடுங்காலம் சங்கத்தை உலுக்கியது.

1723ஆம் ஆண்டின் விதிநூல், அடிமையாகப் பிறந்தவருக்கும் பெண்களுக்கும் இடமில்லை என்றது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின், விடுதலை பெற்றவர்களும் இவ்விதியால் வெளியே நிற்க நேர்ந்தது. சுதந்திரமாகப் பிறந்தவர் என்ற சொல்லை, சுதந்திர மனிதர் என்று இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் 1847இல் மாற்றியது. சிறிய திருத்தம்தான், ஆனால், அதனால் பிறப்புக்குப் பதில் தற்போதைய நிலையே தகுதியாயிற்று.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பினத்தவரும் அவருடைய தோழர்கள் 14 பேரும் 1775இல் பிரிட்டிஷ் படைப்பிரிவைச் சார்ந்த ஒரு லாட்ஜில் சேர்ந்தனர். அமெரிக்க லாட்ஜுகள் அவர்களைச் சமமாக ஏற்கவில்லை. எனவே அவர்கள் இங்கிலாந்துக்கு விண்ணப்பித்தனர். 1784 தேதியிட்ட அனுமதிப் பத்திரத்தின் மூலம் தனி லாட்ஜ் அமைத்தனர். அதன் வழிவந்த பிரின்ஸ் ஹால் லாட்ஜுகளை வெள்ளையரின் அமெரிக்க கிராண்ட் லாட்ஜுகள் இருநூறு ஆண்டுகள் முறையானவையாக ஏற்க மறுத்தன. 1989இல் கனெக்டிகட் மாநிலத்தில் நிலையான உடன்பாடு ஏற்பட்ட பின்னரே மற்ற மாநிலங்கள் பல ஏற்கத் தொடங்கின.

இந்தியாவில் முதல் லாட்ஜ் 1730ஆம் ஆண்டையொட்டிக் கல்கத்தாவில் அமைந்தது. சென்னையில் 1752இல் லாட்ஜ் தோன்றியது. இவை ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் உரியவையாகவே இருந்தன. ஆர்க்காடு நவாப் முகமது அலியின் மூத்த மகன் உம்தத் உல் உமரா 1770களில் திருச்சிராப்பள்ளியில் சேர்க்கப்பட்டார். இந்தியர்களுள் முதலில் சேர்ந்தவராக இவர் குறிப்பிடப்படுகிறார். லண்டன் கிராண்ட் லாட்ஜ் அவருக்கு அலங்கரித்த இடைமறைப்பையும் விதிநூலையும் அன்பளிப்பாக அனுப்பியது. பின்னாளில் நவாப் ஆன அவர் 1801இல் இறந்தார். உடனே கிழக்கிந்தியக் கம்பெனி, அவர் திப்பு சுல்தானுடன் இரகசியத் தொடர்பு வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டி, கர்நாடக நாட்டின் ஆட்சியைக் கைப்பற்றியது. லாட்ஜில் கிடைத்த சகோதரர் என்ற பெயரும் இலண்டனிலிருந்து வந்த பரிசும் அரசியலில் அவருடைய குடும்பத்துக்குத் துணைவரவில்லை.

பம்பாயில் பார்சி சமூகத்தைச் சேர்ந்த மானக்ஜி கர்செட்ஜி சேர விரும்பியபோது அனுமதி கிடைக்கவில்லை. அவர் ஐரோப்பாவுக்குச் சென்றபோது பாரிசில் சேர்ந்தார். இந்தியர்களையும் சேர்ப்பதற்காகவே மேற்கிந்தியாவின் உதய நட்சத்திரம் என்று பொருள்படும் பெயரில் ஒரு லாட்ஜை ஜேம்ஸ் பர்ன்ஸ் என்ற மருத்துவர் 1843இல் பம்பாயில் நிறுவினார்.

இந்துக்களுக்கு வங்காளத்தில் மேலும் தடை இருந்தது. பல தெய்வங்களை வணங்குவோர் ஒரு பரம்பொருளில் நம்பிக்கை உண்டு என எப்படி உறுதி கூற முடியும் என்று எதிர்ப்பாளர்கள் கேட்டனர். பிரசன்ன குமார் தத் என்ற கல்கத்தாவாசி 1860களில் விண்ணப்பித்தார். மறுக்கப்பட்டும் அவர் விடவில்லை. மேலிடத்துக்கு முறையிட்டு, தம் சமயத்தில் பரம்பொருள் ஒன்றே என்று வாதாடி, 1872இல் சேர்க்கப்பட்டார். 12 ஆண்டுகள் கழித்து, 1884இல், அதே நகரில் நரேந்திரநாத் தத்தர் என்ற இளைஞர் சேர்ந்தபோது அத்தகைய போராட்டம் தேவைப்படவில்லை. அவரே பின்னாளில் சுவாமி விவேகானந்தர் என்று உலகறியப்பட்டவர்.

பெண்களுக்கான கதவு வேறு வழியில் திறந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் மரியா தெரைம் 1882இல் ஒரு லாட்ஜில் சேர்க்கப்பட்டார். அதன் விளைவாக, ஆணும் பெண்ணும் சேரக்கூடிய தனி அமைப்பு 1893இல் பாரிசில் உருவானது. அன்னி பெசன்ட் அதில் 1902இல் சேர்ந்து, இங்கிலாந்திலும் இந்தியாவிலும் அதைப் பரப்பினார். சென்னை அடையாறும் அதன் மையங்களுள் ஒன்றாயிற்று. இங்கிலாந்தில் இன்று பெண்களுக்கு மட்டுமானதாக உள்ள அமைப்பு ஒன்று 1908இல் தோன்றியது. எனினும் இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜும் இந்திய கிராண்ட் லாட்ஜும் இன்றும் ஆண்களை மட்டுமே சேர்க்கின்றன. சமத்துவத்தை முதன்மைக் கொள்கையாகக் கூறும் அமைப்புக்கு இது தீராத கேள்வியாகவே நிற்கிறது.

விடுதலைக்குப் பின் இந்தியாவில்

இந்திய கிராண்ட் லாட்ஜ் 1961 நவம்பர் 24 அன்று புதுதில்லியில் நிறுவப்பட்டது. இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து கிராண்ட் லாட்ஜுகள் இணைந்து அதைத் தொடங்கி வைத்தன. ராம்பூர் நவாப் சையது ராசா அலி கான் அதன் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். பழைய லாட்ஜுகள் இதில் இணையவோ தம் பழைய தலைமையின் கீழ் தொடரவோ உரிமை பெற்றன. தென்னிந்தியாவுக்கான மண்டல அமைப்பு சென்னையில் உள்ளது. மோதிலால் நேருவும், குடியரசுத் தலைவராக இருந்த பக்ருதீன் அலி அகமதுவும் இச்சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர்கள்.

எதிர்ப்புகளும் ஐயங்களும்

சங்கத்துக்கு எதிர்ப்பு தொடக்கம் முதலே உண்டு. போப் பன்னிரண்டாம் கிளமென்ட் 1738இல் கத்தோலிக்கர் இதில் சேரத் தடை விதித்தார். தடை மாறவில்லை என்று வத்திக்கான் 1983இல் மீண்டும் அறிவித்தது. பாகிஸ்தானில் 1972இல் இச்சங்கம் தடை செய்யப்பட்டது. ஹிட்லரின் ஆட்சியில் 1935க்குள் ஜெர்மானிய லாட்ஜுகள் அனைத்தும் கலைக்கப்பட்டன.

இல்லுமினாட்டி என்ற பெயரோடு இச்சங்கத்தைச் சேர்த்துப் பேசுவது இன்று பரவலாக உள்ளது. இல்லுமினாட்டி என்பது ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற பேராசிரியர் 1776இல் ஜெர்மனியின் பவேரியாவில் தொடங்கிய வேறொரு சங்கம். அது மேசன் லாட்ஜுகளிலிருந்தும் ஆள் சேர்த்தது. பவேரிய அரசு 1784-85இல் பிறப்பித்த ஆணைகளால் அது ஒடுக்கப்பட்டது. மேசன்கள் சாத்தானை வணங்குகின்றனர் என்ற கதையைப் பரப்பியவர்களுள் முக்கியமானவர் லியோ டாக்சில் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் 1897இல் பாரிசில் பொதுக்கூட்டம் கூட்டி, தாம் எழுதியதெல்லாம் புனைவு என்று ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்ட பிறகும் கதை நிற்கவில்லை.

பொய்யான குற்றச்சாட்டுகள் இருப்பதால் எல்லாக் குற்றச்சாட்டும் பொய் ஆகிவிடாது. இத்தாலியில் லிசியோ ஜெல்லி தலைமையில் இயங்கிய பி-2 என்ற லாட்ஜ், அமைச்சர்கள், படைத் தளபதிகள், வங்கியாளர்கள் ஆகியோரை இரகசியமாக இணைத்திருந்தது. 1981இல் காவல்துறையினர் கைப்பற்றிய பட்டியலில் 962 பெயர்கள் இருந்தன. அந்த ஆண்டே இத்தாலிய அரசு கவிழ்ந்தது. அந்த லாட்ஜின் அங்கீகாரத்தை இத்தாலிய கிராண்ட் ஓரியன்ட் 1976இலேயே நிறுத்திவைத்திருந்தது. என்றாலும், ஒருவரையொருவர் ஆதரிக்க உறுதி எடுத்தவர்கள் அதிகாரத்திலும் இருந்தால் என்ன நேரும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டியது. உறுப்பினரின் கடமை முதலில் நாட்டின் சட்டத்துக்கே. சங்கத்தைச் சொந்த ஆதாயத்துக்குப் பயன்படுத்துவது குற்றம் என்பது சங்கத்தின் விதி. அந்த விதியை ஒவ்வொரு லாட்ஜும் எவ்வளவு கண்டிப்பாகக் காக்கிறது என்பதில்தான் அதன் நம்பகத்தன்மை உள்ளது.

சேர நினைப்பவர் கருத வேண்டியவை

இச்சங்கத்திலோ இதுபோன்ற வேறு சகோதரத்துவ அமைப்பிலோ சேர நினைப்பவர் சில கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்வது நல்லது. அந்த லாட்ஜ் எந்த கிராண்ட் லாட்ஜின் கீழ் முறையாக இயங்குகிறது? ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, அது எதற்குச் செலவாகிறது? மாதந்தோறும் கூட்டங்களுக்குச் செல்லவும் சடங்குச் சொற்களை மனப்பாடம் செய்யவும் நேரம் உண்டா? தம் சமயம் இதை அனுமதிக்கிறதா? குடும்பத்தினர் அறிந்து சம்மதிக்கின்றனரா? செல்வமும் செல்வாக்கும் தருவதாக ஆசை காட்டி, முன்பணம் கேட்டு இணையம் வழியே அழைப்பவர்கள் உண்மையான மேசன்கள் அல்லர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். விரும்புபவர்தான் கேட்க வேண்டும் என்ற மரபே இதற்குச் சான்று.

நேர்மை, சமத்துவம், ஈகை, வாக்குத் தவறாமை ஆகியவை எந்தச் சங்கத்துக்கும் தனியுரிமை ஆனவை அல்ல. அவற்றைத் தனியாகப் பழகுவதை விடத் தோழர்களோடு சேர்ந்து, திரும்பத் திரும்பப் பழகுவது எளிது என்பதே ஃப்ரீமேசன் சங்கம் முன்வைக்கும் கருத்து. மட்டத்தைக் கையில் ஏந்திச் சமத்துவம் பேசிய சங்கம், அந்த மட்டத்தைத் தன் வாசற்படியில் வைத்துப் பார்க்கப் பல தலைமுறைகள் எடுத்துக்கொண்டது. அதைப் பார்க்க வைத்தவர்கள் வெளியே நின்று கதவைத் தட்டிய பிரின்ஸ் ஹாலும் மானக்ஜியும் பிரசன்ன குமார் தத்தும் போன்றவர்களே.